கோடியர் தலைவன்: கம்பம் பள்ளத்தாக்கின் கலைத்தலைமை குறித்த ஓர் ஆராய்ச்சி

1. முன்னுரை

ஒரு கலை நாட்டில் நின்று நிலவுவதற்கு நால்வர் வேண்டப்படுவர். கலையை ஆக்குவோர் ஒருவர். கலைஞர் பலரை ஒருங்கு கூட்டி நடத்துவோர் ஒருவர். கலையின் இயல்பையும் அது செல்லத்தக்க வழியையும் அறிவுறுத்துவோர் ஒருவர். பொருள் தந்து புரப்போர் ஒருவர். இந்நால்வருள் கலையை ஆக்கியோரைப் பற்றி இலக்கிய வரலாறுகளும் இசை வரலாறுகளும் விரிவாகப் பேசுகின்றன. புரவலரைப் பற்றிக் கல்வெட்டுக்களும் செப்பேடுகளும் பேசுகின்றன. நடுவில் நிற்கும் இருவரை, அதாவது கலைத்தலைவரையும் கலைக்கு வழிகாட்டுவோரையும், தனித்து ஆராய்ந்தார் சிலரே.

பழந்தமிழர் இவ்விரு பணிகளையும் நன்கு உணர்ந்திருந்தனர். பொருநராற்றுப்படையில் வழியிடைக் காணப்படும் பொருநன் கோடியர் தலைவன் என விளிக்கப்படுகின்றான். கோடியராவார் கூத்தர். அவர்தம் தலைவனுக்கு அந்நூல் கூறும் சிறப்புக்கள் இரண்டு: ஏழிசைக்கு உரியவனாதல் ஒன்று, பிறர் உள்ளத்துக் கொண்டதைக் குறிப்பால் அறிய வல்லவனாதல் மற்றொன்று. இசைப்புலமையோடு கேட்போர் உளமறியும் திறனும் தலைமைக்கு வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். இனி, அறிவுரை கூறும் பணிக்கோ தமிழர் ஒரு தனி இலக்கிய வகையையே அமைத்தனர். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனுக்குச் செல்லும் வழியையும் சேரும் இடத்தையும் உணர்த்துதல் ஆற்றுப்படை எனப்பட்டது. தொல்காப்பியப் புறத்திணையியல் இதற்கு இலக்கணம் வகுத்தது. பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையின.

இவ்விரு பழஞ்சொற்களை அளவுகோலாகக் கொண்டு, தேனியும் கம்பம் பள்ளத்தாக்குமாகிய நிலப்பகுதியின் கலைவரலாற்றை ஈண்டு ஆராய்வோம். இப்பள்ளத்தாக்கின் மேலைமலையடியில் உள்ள பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் 1943ஆம் ஆண்டு பிறந்த இளையராஜா, 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். இச்செய்தியைக் கூறுவோரிற் பலர் இதனை ஒரு தாவலாகவே காண்கின்றனர். சிற்றூரிலிருந்து உலகமேடைக்கு ஒருவர் தம் பிறவித்திறனாலே தாவிவிட்டார் என்பது அவர்தம் கருத்து. இக்கருத்து அவரைப் போற்றுவதுபோலத் தோன்றினும், அவருக்கு முன்னே நின்றோரையும் அவர் கடந்துவந்த படிகளையும் மறைத்துவிடுகின்றது. அவ்வாழ்வு தாவலாக அமைந்ததன்று, படிப்படியாக அமைந்தது என்பதும், அதன் முதற்படி ஒரு மலைவழிப் பாட்டுக்குழுவின் தலைமையே என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

2. நிலமும் வழியும்

இன்றைய தேனி மாவட்டம் 1996ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்தினின்று பிரித்து அமைக்கப்பெற்றது. அதன் தென்பகுதியே கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே குடமலைத் தொடர். கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். இவற்றின் இடையே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் முதலிய ஊர்கள் தென்வடலாக அமைந்துள்ளன. முல்லைப் பெரியாற்றணை 1895ஆம் ஆண்டு நிறைவெய்தியபின், மேற்குநோக்கி ஓடிய நீர் மலையைக் குடைந்த வழியாக இப்பள்ளத்தாக்கிற் பாய்ந்து வையையோடு கலந்தது.

மூன்று பக்கமும் மலை சூழ்ந்த நிலம் உலகத்தொடர்பு அற்றதாயிருக்கும் என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அதற்கு மாறானது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாற்றுக்கும் தேவிகுளத்துக்கும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏலமலைக்கும், கூடலூரிலிருந்து குமுளி வழியாகப் பீருமேட்டுக்கும் வழிகள் செல்கின்றன. ஏலமும் தேயிலையும் விளையும் மலைத்தோட்டங்கள் பெருகிய காலத்தில் கூலிவேலைக்குச் சென்ற தமிழ்மக்களும், அவர்களுக்கு அரிசியும் துணியும் கொண்டுசென்ற வணிகரும் இவ்வழிகளில் ஏறி இறங்கினர். இந்நிலத்தார்க்கு மலை எல்லையாகவும் இருந்தது; வாயிலாகவும் இருந்தது.

இவ்வாயிலின் பழமைக்குச் சிலப்பதிகாரம் ஒரு சான்று. மதுரையை நீங்கிய கண்ணகி வையைக் கரைவழியே மேற்றிசை நோக்கி நடந்து நெடுவேள் குன்றத்தை அடைந்தாள் என்பது அக்காப்பியச் செய்தி. அக்குன்றம் எது என்பதில் அறிஞரிடையே கருத்துவேறுபாடு உண்டு. கூடலூருக்கு மேலே எல்லைமலையில் உள்ள மங்கலதேவி கோட்டமே கண்ணகி கோட்டம் எனப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1960களில் ஆய்ந்துரைத்தார். சித்திரை முழுநிலா நாளில் அங்கு நடைபெறும் விழாவில் தமிழ்நாட்டாரும் கேரள நாட்டாரும் கூடி வழிபடுகின்றனர். கண்ணகிக்குச் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கை வேந்தன் கயவாகு வந்து கலந்துகொண்டதையும், பறையூர்ச் சாக்கையன் செங்குட்டுவன் முன் ஆடிக் காட்டியதையும் வஞ்சிக்காண்டம் கூறும். நாடு கடந்த கலைத்தொடர்பு தமிழர்க்குப் புதிதன்று என்பதற்கு இவை போதும்.

புரவலர்க்கு வருவோம். இப்பள்ளத்தாக்கின் சின்னமனூரிற் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் தமிழாராய்ச்சியாளர் அனைவரும் அறிந்தவை. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பாண்டியன் வெளியிட்ட பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, அவன் முன்னோர் மாபாரதத்தைத் தமிழாக்குவித்ததையும் மதுரையிற் சங்கம் நிறுவியதையும் அரசரின் அருஞ்செயல்களோடு ஒருசேர வைத்துப் போற்றுகின்றது. போர்வெற்றிக்கு இணையாக இலக்கியப் பணியை வைத்து எண்ணிய அவ்வேடு இம்மண்ணிலேயே கிடைத்தது நினைவிற் கொள்ளத்தக்கது.

3. சுருளிமலையும் ஆபிரகாம் பண்டிதரும்

கம்பத்துக்கு அணித்தே உள்ள சுருளிமலை இசைவரலாற்றில் எதிர்பாராத இடம் பெற்றுள்ளது. தென்காசியை அடுத்த சாம்பவர்வடகரையில் 1859ஆம் ஆண்டு பிறந்த ஆபிரகாம் பண்டிதர், திண்டுக்கல்லில் ஆசிரியராயிருந்த இளமைக் காலத்தில் மூலிகை நாடிச் சுருளிமலைக்குச் சென்றார். அங்குக் கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு மருத்துவம் பயின்றார். பின்னர்த் தஞ்சாவூரில் அவர் நடத்திய மருத்துவப் பணி பெரும்பொருள் ஈட்டித் தந்தது. அப்பொருளை அவர் இசையாராய்ச்சிக்குச் செலவிட்டார்.

பண்டிதர் 1912ஆம் ஆண்டு தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தோற்றுவித்தார்; அதன் சார்பில் இசை மாநாடுகளைத் தம் செலவிலேயே நடத்தினார்; நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இசைவாணரை அழைத்துச் சுருதியாராய்ச்சியில் ஈடுபடுத்தினார். 1916ஆம் ஆண்டு பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் கொள்கையை எடுத்துரைத்தார். 1917ஆம் ஆண்டு அவருடைய கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் இசையியற் சான்றுகளாகக் கொண்டு, பிற்காலத்து இசைமரபின் வேர் பழந்தமிழிசையில் உள்ளது என்று அந்நூல் வாதித்தது.

அவர்தம் சுருதிக் கணக்கை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். அவ்வழக்கு ஈண்டு வேண்டா. அவர் ஒருவரே புரவலராகவும், அறிஞர் கூட்டத்தின் தலைவராகவும், தமிழிசையின் வழியைப் பிறநாட்டவைக்கு உணர்த்திய ஆற்றுப்படையாளராகவும் நின்றார் என்பதே நாம் குறிக்கவேண்டுவது. அரசர் ஆதரவு குன்றிய காலத்தில், முன்னர்ப் பலர் செய்த பணிகளை ஒருவரே தாங்கவேண்டியதாயிற்று. இந்நிலையை அடுத்துக் கூறப்படும் வரலாற்றிலும் காண்போம்.

4. பாவலர் குழு

பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமை இயக்க மேடைகளிற் பாடியவர். பாட்டுக்களைத் தாமே கட்டியவர். அவர் தம்பியர் பாஸ்கர், இராசையா, அமர்சிங் ஆகியோர் அவரோடு பாடியும் கருவிகளை இசைத்தும் வந்தனர். இராசையா பிற்காலத்து இளையராஜா. அமர்சிங் பிற்காலத்துக் கங்கை அமரன். மக்கள் முன்பே அறிந்த மெட்டில் புதிய செய்தியை அமைத்துத் தருதல் வரதராசன் கையாண்ட முறை. மெட்டுப் பழகியதாயிருப்பதால் கேட்போர் உள்ளம் சொல்லின்மேற் செல்லும். பிறர் கொண்டதை அறியும் திறன் எனப் பொருநராற்றுப்படை கூறியது இத்திறனே.

இக்குழுவின் வரலாற்றில் 1958ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தல் தனியிடம் உடையது. 1956ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பெற்றபோது, தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு சேர்ந்தன. 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூசு பெற்ற வெற்றி, எதிர்வேட்பாளரின் மனு தவறாகத் தள்ளப்பட்டது என்னும் காரணத்தால் செல்லாதாயிற்று. 1958ஆம் ஆண்டு மே மாதம் மறுதேர்தல் நடந்தது. ஈ. எம். எசு. நம்பூதிரிப்பாடு தலைமையில் அமைந்திருந்த பொதுவுடைமை அமைச்சரவை மிகக் குறைந்த பெரும்பான்மையோடு இயங்கிய காலம் அது. ஆகவே அவ்வொரு தொகுதி நாடு முழுவதும் நோக்கும் களமாயிற்று. வாக்காளரிற் பெரும்பகுதியினர் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர். அவர்களிடையே பாடுதற்குப் பாவலர் மலையேறினார். பதினான்கு வயது நிரம்பிய இராசையா அண்ணன் குழுவிற் சேர்ந்ததும் அக்காலத்தேயாம். ரோசம்மா புன்னூசு மீண்டும் வெற்றி பெற்றார். அவ்வெற்றியிற் பாவலர் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு என அவ்வியக்கத்தார் போற்றிக் கூறுவர். தேர்தல் முடிவுக்குக் காரணங்கள் பலவாதலின், பாட்டின் பங்கை அளந்து கூறல் வரலாற்று நெறியன்று. ஆயினும் ஓர் அரசியல் இயக்கம் தன் வாழ்வுக்கு இன்றியமையாத களத்துக்கு ஒரு பாட்டுக்குழுவை அழைத்தது என்பதே அக்குழுவின் மதிப்பைக் காட்டும்.

இந்நிகழ்ச்சியிற் கலைத்தலைமைக்கு உரிய பாடம் ஒன்று உள்ளது. தேவிகுளத்தார் பேசிய மொழி தமிழே. ஆயின் அவர் வாழ்ந்த அரசு வேறு. வாழ்க்கை நிலை வேறு. குளிரும் வேலைநேரமும் ஒன்றுகூடும் இடமும் வேறு. சொந்த ஊரின் திருவிழாவிற் பாடுவதற்கும், எல்லை கடந்து சென்று களைத்திருக்கும் தொழிலாளரிடையே பாடுவதற்கும் வேறுபாடு பெரிது. இடமறிந்து பாட்டைத் தேர்தல், கருவிகளை மலைவழியே ஏற்றிச் செல்லுதல், குழுவினர்க்கு உணவும் உறையுளும் தேடுதல் ஆகிய யாவும் தலைவன்மேல் விழும். மலைபடுகடாம் முழவும் குழலும் பிற கருவிகளும் பலாக்காய்க் கொத்துப்போலப் பைகளிற் கட்டிச் சுமக்கப்பட்டதை முதலிற் கூறி, பின்னரே மலைவழியைக் கூறும். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியிலும் கூத்தர் குழுவின் நடைமுறை பெரிதும் மாறவில்லை.

அக்குழுவிற் பத்தாண்டுக் காலம் தென்னாடெங்கும் சுற்றிய இளையராஜா, தொடக்கத்திற் பெண்குரலிற் பாடினார். குரல் மாறியபின் ஆர்மோனியத்தை மேற்கொண்டார். சவகர்லால் நேரு 1964ஆம் ஆண்டு மறைந்தபோது கண்ணதாசன் இயற்றிய இரங்கற்பாவுக்கு இசையமைத்ததே அவருடைய முதல் இசையாக்கம் எனப்படுகின்றது.

ஆர்மோனியத்தைப் பற்றி ஒரு சொல். அனைத்திந்திய வானொலி 1940ஆம் ஆண்டு இக்கருவியை விலக்கியது. அவ்விலக்கு 1971ஆம் ஆண்டு வரை நீடித்தது. சுரங்களை நிலைத்த கட்டைகளில் அடக்கிவிடுவதால் கமகத்துக்கு இடந்தராது என்பது விலக்கியோர் கூறிய குறைகளுள் ஒன்று. குறை உண்மையே. ஆயின் உயர்நிலைய அரங்குகள் விலக்கிய அக்கருவியே நாடகக் கொட்டகையையும் தெருமேடையையும் தாங்கி நின்றது. அதனினும் முக்கியமான ஒன்றுண்டு. ஒரு சுரம் ஒரு கட்டை என நிலைபெற்ற கருவியில் பழகிய கைக்கு, ஒரு சுரம் ஒரு புள்ளி என நிலைபெற்ற எழுத்திசை அயலாகத் தோன்றாது. ஆர்மோனியத்தின் குறையெனக் கருதப்பட்டதே அடுத்த படிக்குப் பாலமாயிற்று என்பது எம் கருத்து.

5. குரலிலிருந்து ஏட்டுக்கு

1968ஆம் ஆண்டளவில் இளையராஜா சென்னையில் தன்ராசு மாசுட்டரிடம் மாணவரானார். மேலைச் செவ்வியலிசையின் இயைபிலக்கணமும், பல இசைவரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெய்யும் முறையும், ஐங்கோட்டு எழுத்திசையும் அங்குப் பயின்றார். இலண்டன் திரினிட்டி இசைக்கல்லூரியின் கித்தார்த் தேர்வில் பொற்பதக்கம் பெற்றார். கருநாடக இசையை டி. வி. கோபாலகிருட்டிணனிடம் கற்றார். அக்காலத்தே சலீல் சௌதரி போன்றோர்க்குக் கித்தார் இசைத்தும், கன்னட இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேசுக்கு உதவியாளராயிருந்து பணிசெய்தும் திரையிசைத் தொழிலை அறிந்தார். பாவலர் வரதராசன் தம்பியின் முதற்படத்தைக் காணாமலே மறைந்தார். 1976ஆம் ஆண்டு அன்னக்கிளி வெளிவந்தது.

இவ்விடத்து எழுத்திசையின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். நம் நாட்டுச் சுரக்குறிப்பு, பாட்டை முன்பே அறிந்தவர்க்கு நினைவூட்டும் கருவி. எந்தச் சுரம், எத்தனை அட்சரம் என்பதை அது காட்டும். அசைவும் குழைவும் ஆசிரியர் வாயிலாகவே வரும். ஐங்கோட்டு முறையிலோ கோட்டின் உயரம் சுரத்தையும், குறியின் வடிவம் கால அளவையும் காட்டும். இதனினும் சிறப்பு, பல கருவிகளுக்குரிய வரிகளை ஒரே ஏட்டில் மேலும் கீழுமாக நிரல்பட எழுதலாம் என்பது. வயலினார் நாற்பதின்மரும் குழலாரும் முழவோரும் ஒருவரையொருவர் அறியாதவராயினும், எழுதியவர் மொழியை அறியாதவராயினும், ஏட்டைப் பார்த்த அளவில் ஒன்றாக இசைக்கக் கூடும். தலைவன் குரல் எட்டாத இடத்துக்கும் ஏடு எட்டும்.

இம்முறை தமிழ்நாட்டுக்கு முற்றும் புதிதன்று. சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் 1890களிலேயே நம் இசையை மேலை எழுத்தில் பதிப்பித்தார். அவர் நாடியது காத்தல். பாட்டு அழியாவண்ணம் எழுதிவைத்தல். இளையராஜாவுக்கு ஏடு ஆக்கத்தின் கருவியாயிற்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து அன்றன்று வேண்டும் இசையை முழுமையாக எழுதி, ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைப் பிரித்துக் கொடுத்து, அன்றே பதிவு செய்யும் வழக்கம் அவருடையது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரைப்படங்களுக்கு அவர் இசையமைத்தது இவ்வழக்கத்தாலேயே இயன்றது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இதற்கு ஒப்பு நோக்கத்தக்கது. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் என அறுவர் அமைதியையும் அக்காதை நிரல்பட வகுக்கின்றது. ஒவ்வொருவரும் தம் கலையோடு மற்றவர் கலையின் போக்கையும் அறிந்தவராயிருத்தல் வேண்டும் என்பது அங்கு வற்புறுத்தப்படுகின்றது. அவ்வறுவர் அறிவும் கூடியவிடத்தே ஓர் அரங்கேற்றம் நிகழ்ந்தது. எழுத்திசை வந்தபின், அவ்வறுவரின் இயைபை ஒருவர் தம் ஏட்டில் முன்னரே அமைத்துவிட முடிந்தது. தலைமையின் ஆற்றல் இதனாற் பெருகியது. அறுவரும் கூடி முடிவு செய்யும் உரிமை குறைந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. திரையிசைக் கருவியாளரின் பெயர்களைக் கேட்போர் பெரும்பாலும் அறியார். இப்புதிய தலைமையின் விலைகளுள் அதுவும் ஒன்று.

6. கடல் கடந்த ஏடு

ஏட்டிசை கைவந்தபின் கடல் கடத்தல் இயல்பாய் நிகழ்ந்தது. 1986ஆம் ஆண்டு வெளியான ‘ஹௌ டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பைத் தியாகராசருக்கும் செருமானிய இசைமேதை பாக்குக்கும் அவர் உரிமையாக்கினார். 1988ஆம் ஆண்டு ‘நத்திங் பட் விண்ட்’ வெளிவந்தது. அதில் அரிப்பிரசாது சௌராசியா குழலிசைத்தார். 1993ஆம் ஆண்டு இலண்டன் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு, அவர் எழுதிய சிம்பொனியை ஜான் ஸ்காட் நடத்த இசைத்துப் பதிவு செய்தது. அப்பதிவு மக்களுக்கு வெளியிடப்பெறவில்லை. 2005ஆம் ஆண்டு மாணிக்கவாசகரின் திருவாசகப் பாடல்கள் சில, அங்கேரி நாட்டுப் புடாபெசுட்டு சிம்பொனி இசைக்குழுவின் துணையோடு வெளிவந்தன. அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் சுவார்ட்சு ஆங்கிலச் சொற்களை ஆக்கித் தந்தார். 2025ஆம் ஆண்டு ‘வேலியண்ட்’ என்னும் சிம்பொனி இலண்டன் அப்பல்லோ அரங்கில், ராயல் பில்ஹார்மோனிக் கச்சேரிக் குழுவினரால் மக்கள் முன் நேரடியாக இசைக்கப்பெற்றது.

இந்நிகழ்ச்சிகளை நிரல்படக் காணும்போது 1993ஆம் ஆண்டுக்கும் 2025ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட 32 ஆண்டுகள் கருதற்குரியன. ஏடு கடல் கடந்தது. ஆயினும் கேட்போரைச் சேரவில்லை. கோடியர் தலைவனுக்குரிய முதற்சிறப்பு அங்கு நிறைவேறியது. கேட்போரை எதிர்நின்று அறியும் இரண்டாம் சிறப்புக்கு வாய்ப்பு வாய்க்கவில்லை. தேவிகுளத்து மலைச்சரிவிற் பாவலர் பெற்றிருந்த அந்நேர்முகம், அவர் தம்பிக்கு இலண்டனில் வாய்க்க அத்துணை ஆண்டுகள் ஆயின.

உலகளாவிய கலைப்பணியில் தமிழர் வேறொரு வழியிலும் சென்றுள்ளனர். அவ்வழியின் தலைசிறந்த எடுத்துக்காட்டு ஆனந்த குமாரசாமி. கொழும்பில் 1877ஆம் ஆண்டு பிறந்த அவர் யாழ்ப்பாணத் தமிழ்மரபினரான சர் முத்துக்குமாரசாமியின் மகனார். நிலநூல் கற்று இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத்துறைக்குத் தலைமை தாங்கியவர், சிற்றூர்க் கைவினைஞரின் தாழ்நிலை கண்டு கலையாராய்ச்சிக்குத் திரும்பினார். 1917ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாசுடன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியப் பகுதியின் காப்பாளராய் அமர்ந்தார். 1947ஆம் ஆண்டு மறையும் வரை அந்நாட்டிலிருந்தே கீழைக்கலையின் உட்பொருளை மேலையோர்க்கு உணர்த்தினார். 1918ஆம் ஆண்டு வெளிவந்த ‘சிவநடனம்’ பற்றிய அவர் நூல், தில்லைக் கூத்தனை உலகம் நோக்கும் நோக்கையே மாற்றியது. தனிநாயக அடிகளும் இவ்வழியினரே. இலங்கையிலும் மலாயாவிலும் பல்கலைக்கழக ஆசிரியராயிருந்து, 1964ஆம் ஆண்டு புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றக் காரணராய், 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தித் தமிழாராய்ச்சிக்கு உலகவழி காட்டினார்.

இவ்விருவரும் ஆற்றுப்படுத்தியோர். இன்னது எம் கலை, இவ்வாறு காண்க என்று பிறர்க்கு உரைத்தனர். இளையராஜா கோடியர் தலைவர். பிறநாட்டுக் கலைஞரைத் தம் ஏட்டின்படி இசைக்கச் செய்தார். முன்னவர்க்குக் கருவி உரைநடை. பின்னவர்க்குக் கருவி எழுத்திசை. இவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது எனல் பொருந்தாது. கலையை விளக்குவோர் இல்லாதவிடத்து அதனை இசைப்போர்க்கு அரங்கு கிடையாது. இசைப்போர் இல்லாதவிடத்து விளக்கம் பழம்பொருட் பட்டியலாய்ச் சுருங்கிவிடும்.

7. ஒரு தடையும் விடையும்

மேலை வடிவத்தில், மேலைக் கருவிகளில், மேலைநாட்டார் இசைத்ததைத் தமிழ்க்கலை என்று கூறலாமோ என ஒரு தடை எழும். இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. எழுத்திசை எல்லாவற்றையும் தாங்கவல்லதாயின், பாவலர் குரலில் இருந்த மண்மணம் அவ்வேட்டில் எங்கே என்று கேட்போர் கேட்பது முறையே. கமகத்தின் குழைவையும் நாட்டுப்பாட்டின் இழுவையையும் ஐந்து கோடுகள் முற்றும் காட்டா. ஏட்டிற்குள் அடங்காதது ஏட்டின் புறத்தே நின்றுவிடும்.

இதற்கு விடை கூறுமுன் நம் இசைவரலாற்றை நினைவுகூர்தல் வேண்டும். வயலின் மேலைநாட்டுக் கருவி. பாலுசுவாமி தீட்சிதர் காலமுதல் அது நம் அரங்கின் இன்றியமையாக் கருவியாயிற்று. ஆர்மோனியமும் அயற்கருவியே; அது நம் நாடகமேடையின் தாயாயிற்று. கருவியும் வடிவும் எங்கிருந்து வந்தன என்பதினும், அவற்றை ஆள்வோர் எதனை நிறைத்தனர் என்பதே தீர்ப்புக்கு உரியது. அன்னக்கிளியில் ஒலித்த சிற்றூர்ப் பண்ணும் திருவாசக இசையில் ஒலித்த தமிழ்ச்சொல்லும் ஏட்டின் வழியாகவே நின்றன. எனினும் எழுத்திசை காக்கும் பகுதி எது, கைவிடும் பகுதி எது என்பதை இசைச்சான்றுகளோடு ஆராய்வது தமிழ்த்துறைக்கும் இசைத்துறைக்கும் பொதுவான பணியாக எஞ்சி நிற்கின்றது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். கம்பம் பள்ளத்தாக்கு மலையால் அடைபட்ட நிலமாயினும் மலைவழிகளாற் பிறநாட்டோடு தொடர்புற்றது. அவ்வழிகள் கலைக்குழுக்களுக்கு எல்லை கடந்து பாடும் பயிற்சியை அளித்தன. பாவலர் வரதராசன் அப்பயிற்சியை ஒரு தலைமையாக்கினார். ஆர்மோனியம் அத்தலைமையை எழுத்திசைக்கு அணித்தே கொணர்ந்தது. தன்ராசு மாசுட்டரின் கல்வி குரல்வழித் தலைமையை ஏட்டுவழித் தலைமையாக மாற்றியது. அவ்வேடு இலண்டனுக்கும் புடாபெசுட்டுக்கும் சென்றது. 2022ஆம் ஆண்டு இளையராஜா மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்றபோது, தெருமேடையில் தொடங்கிய கலைத்தலைமை நாட்டின் அவையிலும் இடம்பெற்றது. இப்படிகளுள் எதனை நீக்கினும் அடுத்தது விளங்காது.

இவ்வரலாற்றில் ஒரு சமனின்மை உண்டு. பிற்பகுதிக்கு இசைத்தட்டுக்களும் ஏடுகளும் இதழ்ச்செய்திகளும் சான்றாக உள்ளன. முற்பகுதி, அதாவது பாவலர் காலத்துப் பகுதி, பெரும்பாலும் மனித நினைவையே சான்றாகக் கொண்டது. 1958ஆம் ஆண்டு தேவிகுளத்து மலைகளில் அப்பாட்டுக்களைக் கேட்ட தொழிலாளருள் அன்று இருபது வயதினராயிருந்தோர் இன்று எண்பத்தைந்தைக் கடந்தோர். போடிமெட்டிலும் மூணாற்றிலும் பண்ணைப்புரத்திலும் அவர்தம் வாய்மொழியைத் தேடித் தொகுத்தல், பாட்டுக்களோடு பாடிய இடம், கூடிய காலம், இசைத்த கருவி ஆகியவற்றையும் குறித்து வைத்தல் இன்று செய்தற்குரிய முதற்பணி. பண்டை ஆற்றுப்படைப் புலவர் கோடியர் சென்ற வழியையும் உண்ட உணவையும் தங்கிய இடத்தையும் பாட்டில் பொறித்து வைத்தமையால் அன்றோ, இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் அவர் வாழ்வை நாம் அறிகின்றோம். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் அதே மலைவழியில் நடந்த ஒரு கோடியர் குழுவுக்கு அத்துணைப் பதிவேனும் நாம் செய்தல் வேண்டும். முதுகலை மாணவர் இப்பணியை மேற்கொள்வாராக.